யார் அந்த ஷீலா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிஞ்சதும் ஆடிட், அதுவும் முடிஞ்சதும் 'இந்த வருஷ டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல நம்ம பேர் இருக்குமோ' என்கிற கவலை. வங்கிக்காரன் பிழைப்பு உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். புவனேஸ்வருக்கு மாற்றல். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், கேஸ் கனெக்‌ஷன் எதையும் கேட்கவில்லை. "சார், அங்க காலைல சாப்பிட நல்ல இடம் ஏதும் தெரியுமா? தோசை கிடைக்குமா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஏனென்றால் ராய்ப்பூருக்கு வந்தபோது நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன். பதில் கிடைக்க ஒன்றரை வருஷமும், வீட்டில் ஒரு ஆபரேஷனும் ஆனது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

என் சர்வீஸில் முதல் வெளி மாநிலம் புனே. அங்கே கவலையே இல்லை. தெருவுக்கு ஒரு உடுப்பி ஹோட்டல். அடுத்தது விசாகப்பட்டினம். அங்கே பெசரட்டு. பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவை வைத்து, இஞ்சிப் பச்சடியோடு தருவார்கள். இதுவும் தோசை வகையறாதான் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாவதாக 2022 ஏப்ரலில் சத்தீஸ்கர் மாநிலம் ராய்ப்பூர்.

எந்த ஊராக இருந்தாலும் எங்கள் வீட்டுக்குள் காலையில் இட்லி, தோசைதான். லாரியில் சாமான் ஏற்றும்போது டி.வி.க்குச் சுற்றாத மெத்தையை வெட் கிரைண்டருக்குச் சுற்றுவோம். ஆபீஸில் யாராவது சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால், "நாங்க எங்க போனாலும் எங்க பழக்கத்தை விடல சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்த 'நாங்க' யார் என்று அப்போது யோசித்ததில்லை. அரிசி ஊறப்போட்டு, அரைத்து, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி, காலை ஐந்தரைக்கு எழுந்து கல்லைப் போடுவது தங்கமணி. நிமிர்ந்தது என் நெஞ்சு.

2023-ல் அம்மா தவறிய பிறகு அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். வயசு 76. சர்க்கரைக்கு மாத்திரை. காலையில் எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் தோசை அல்லது இட்லி. ராய்ப்பூரில் காலை உணவு என்றால் எல்லா முக்கிலும் போஹாதான். நம்ம அவல் உப்புமா. மேலே சேவ் தூவித் தருவார்கள். அப்பாவுக்கு ஒரு தடவை வாங்கித் தந்தேன். "இது கிருஷ்ண ஜெயந்திக்குல்ல செய்வாங்க?" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

அந்த டிசம்பரில் தங்கமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரொம்ப நாளாக வலியைச் சொல்லாமலேயே இருந்திருக்கிறாள். ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியாருக்கு முழங்கால் வலி, ரயில் ஏற முடியாது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வேறு பக்கத்தில். மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஒரு சமையல்கார அம்மா கிடைத்தார். காலைக்கு யாரும் கிடைக்கவில்லை.

"நானே பாத்துக்கறேன்" என்று களத்தில் இறங்கினேன். பி.காம். படித்தவனுக்கு நாலுக்கு ஒண்ணு கணக்கு தெரியாதா? தெரியும். ஆனால் டிசம்பர் மாத ராய்ப்பூர்க் குளிர் மாவுக்குத் தெரியாதே. ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கிடந்தது. மறுநாள் போர்வை சுற்றினேன். அதற்கு அடுத்த நாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் பொங்கியது. அடுப்பில் ஊற்றினால் கல்லோடு ஒட்டிக்கொண்டது. படுத்திருந்த இடத்திலிருந்து தங்கமணி, "கல்லு காயலீங்க..." என்று குரல் கொடுத்தாள். அவள் எழுந்து வந்துவிடுவாளோ என்பதுதான் என் பெரிய பயம்.

அடுத்து கடை. இங்கே இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. 1950-களில் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்த ஆரம்பித்ததுதான் இது. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவரைப் பார்த்தாலே ஊருக்குப் போன மாதிரி இருக்கும். இட்லி, வடை, தோசை, காபி எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து தூரம். நாலு பேருக்குத் தினமும் பார்சல் வாங்கி, டிராஃபிக்கில் வந்து, மறுபடி ஆபீஸுக்கு ஓட முடியவில்லை. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் 'சவுத் இண்டியன் டோசா' என்று எழுதியிருந்தது. வாங்கினேன். சாம்பார் சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "தம்பி, இதுக்கு நான் பட்டினி கிடப்பேன்டா" என்றார்.

சொன்ன மாதிரியே கிடந்தார். அதுதான் வினையாகிப் போனது.

ஒரு வியாழக்கிழமை. ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டார். நான் காபி ஹவுஸ் போய்த் திரும்பும் வழியில் ஏதோ ஊர்வலம், மாட்டிக்கொண்டேன். வீட்டில் பிரெட் இருந்தது, பிஸ்கட் இருந்தது. "அவன் தோசை வாங்கிட்டு வரட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மகளிடமிருந்து போன். "அப்பா, தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. என்னமோ உளர்றாரு."

நான் வீட்டுக்குள் நுழையும்போது தங்கமணி கட்டிலை விட்டு எழுந்து, வயிற்றைக் கையால் பிடித்தபடி, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மகள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஸ்பூனால் புகட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் மெஷினில் பார்த்தபோது 58 இருந்ததாம். கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்துவிட்டார். நான் கையில் தோசைப் பொட்டலத்தோடு நின்றேன். ஆறிப்போய் விறைத்திருந்தது. ஒரு தோசைக்காக ரெண்டு பேரைப் பணயம் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று தாமதமாக ஆபீஸ் போனேன். எங்கள் கிளையின் துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னாள் ராணுவ வீரர், பக்கத்துக் கிராமத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும், "சாப், ஐயாவுக்கு அரிசிதானே வேணும்? சீலா வாங்கிக் கொடுங்க. உங்க காலனி பின்கேட்டுலயே ஒரு தீதி போடறாங்களே" என்றார். ஒன்றரை வருஷமாக அந்த கேட் வழியாகத்தான் நான் நடைப்பயிற்சி போகிறேன். பார்த்திருக்கிறேன். 'ஏதோ லோக்கல் ஐட்டம்' என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். இரும்புக் கல். பெரிய தூக்கில் அரிசி மாவைத் தண்ணீராகக் கரைத்து, உப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி. தீதி ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்கிவிட்டு ஊற்றுகிறார். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. புளிக்க வைப்பதே இல்லை. தொட்டுக்கொள்ள, சுட்ட தக்காளியையும் பச்சை மிளகாயையும் அம்மியில் நசுக்கிய சட்னி. ஐந்து நிமிஷத்தில் எட்டு சீலா கட்டிக் கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"என்னடா இது?"

"சீலா, அப்பா."

"யாருடா அந்த ஷீலா?"

மகள் சிரித்த சிரிப்பில் தங்கமணிக்கும் சிரிப்பு வந்து, தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சந்தேகமாக ஒரு துண்டு பிய்த்தார். மென்றார். இன்னொரு துண்டு. பிறகு சொன்னார்: "இது கரைச்ச மாவு தோசைடா. உளுந்து இல்லாத நாள்ல எங்க ஆத்தா ஊத்தும். அவங்க ஊர்லயும் நெல்லு விளையுதா?"

விளையுதாவா! சத்தீஸ்கரை 'தான் கா கடோரா' என்பார்கள், நெல் கிண்ணம் என்று அர்த்தம். இங்கே விவசாயப் பல்கலைக்கழகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி, டாக்டர் ரிச்சாரியா என்ற விஞ்ஞானி 1970-களில் கிராமம் கிராமமாகச் சேகரித்தது. சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து நெல் ஜெயராமனை அவருக்குத் தெரியும். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போய் விதை வாங்கி வந்தவர். "அப்ப இவங்களும் நம்ம ஆளுங்கதான்" என்றார். எழுபத்தாறு வயசில் ஒரு மாநிலத்தையே சொந்தமாக்கிக்கொள்ள அவருக்கு ஒரு சீலாதான் தேவைப்பட்டது. எனக்கு ஒன்றரை வருஷம் போதவில்லை.

அன்றைக்கு இரண்டு விஷயம் தெரியவந்தது.

ஒன்று, மகளுக்கு சீலா புதுசில்லை. பள்ளியில் முதல் வருஷத்திலிருந்தே தோழியின் டப்பாவோடு மாற்றிச் சாப்பிடுகிறாளாம். தோழிக்கு நம் தோசை, இவளுக்கு சீலா. "ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க எப்பவும் நம்ம சாப்பாடு நம்ம சாப்பாடுன்னு சொல்வீங்க. அம்மாவும் கஷ்டப்பட்டு செஞ்சு குடுக்கறாங்க. எனக்கு இதுவும் பிடிக்கும்னு எப்படிச் சொல்றது?" என்றாள். நாலு வயசிலிருந்து வெளி மாநிலத்திலேயே வளர்ந்த பெண். அவளுக்கு 'நம்ம சாப்பாடு' என்ற பட்டியல் என்னுடையதை விட நீளம். அதை அவள் என்னிடம் மறைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

இரண்டாவது, தங்கமணி சொன்னது. தலையணையில் சாய்ந்து, மூன்றாவது சீலாவைச் சட்னியில் தொட்டபடி, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னாள்: "கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷத்துல, காலைல உக்காந்து சூடா சாப்பிடறது இப்பத்தாங்க."

எல்லாருக்கும் ஊற்றி முடித்து, கடைசியில் ஆறிப்போன இரண்டு தோசையை நின்றுகொண்டே விழுங்குவதுதான் அவள் காலை உணவு. தினமும் என் கண் முன்னால் நடந்ததுதான். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். பதில் சொல்லத் தெரியாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

பிப்ரவரியில் அவள் நடமாட ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் எல்லோரும் 'கட் கலேவா'வுக்குப் போனோம். ராய்ப்பூரில் மகந்த் காசிதாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1875-ல் தொடங்கியது, நாட்டின் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. அந்த வளாகத்துக்குள் சத்தீஸ்கர் பலகாரங்களுக்கென்றே 2016-ல் ஆரம்பித்த இடம். நடத்துவது பெண்கள் சுய உதவிக்குழு. 'கலேவா' என்றாலே காலைப் பலகாரம் என்றுதான் அர்த்தம்.

சீலாவோடு ஃபரா கேட்டோம். அரிசி மாவில் சோற்றைப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, ஆவியில் வேக வைத்து, எள்ளும் மிளகாயும் தாளித்தது. அப்படியே நம்ம பிடி கொழுக்கட்டை. எண்ணெய் கம்மி என்பதால் தங்கமணிக்கு ஒத்துக்கொண்டது. ஐர்சா என்று ஒன்று, அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்தது. அப்பா பார்த்தவுடனேயே "அதிரசம்" என்றார். சர்க்கரையைக் காரணம் காட்டி அரைத் துண்டுக்கு மேல் தரவில்லை, கோபித்துக்கொண்டார். (சீலாவும் அரிசிதான். சர்க்கரைக்காரர்களுக்கு அதில் சலுகை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இரண்டுதான் கணக்கு.)

திரும்பும்போது போரே பாசி பற்றி அவரிடம் சொன்னேன். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து வெங்காயத்தோடு சாப்பிடுவது. அன்றைக்கே ஊறியது போரே, ராத்திரி முழுக்க ஊறியது பாசி. நான் வந்து சேர்ந்த புதிதில், 2022 மே தினத்தன்று, அப்போதைய முதல்வர் பூபேஷ் பகேல் உழைப்பாளிகளுக்கு மரியாதையாக எல்லோரும் போரே பாசி சாப்பிடுங்கள் என்று அழைப்பு விடுத்தார். ஃபேஸ்புக் முழுக்க அதிகாரிகள் போரே பாசி சாப்பிடும் படங்கள். மறுநாள் ஆபீஸில், "உங்க ஊர்ல இந்த மாதிரி உண்டா சார்?" என்று கேட்டார்கள். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவன், "கிராமத்துப் பக்கம் இருக்கும்" என்று நழுவினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பழைய சோறுன்னு சொல்ல உனக்கு என்னடா வெக்கம்?" என்றார். அதற்கும் பதில் இல்லை.

சரி, உபயோகமாக ஏதாவது சொல்ல வேண்டாமா? புது ஊரில் காலைக் கடை தேடுவதற்கு என் கே.ஒய்.சி. விதிமுறைகள் இவை:

1. பலகையைப் பார்க்காதீர்கள், ஏழரை மணிக்கு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்டோக்காரரும் பள்ளி ஆசிரியரும் தினம் வருகிற கடை வயிற்றைக் கெடுக்காது. கெடுத்தால் மறுநாள் வரமாட்டார்கள்.

2. ஐட்டம் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. ஒரே கல்லில் ஒரே பலகாரம் என்றால் மாவு தேங்காது. பத்து மணிக்குள் தூக்கு காலியாகிற கடைதான் கடை.

3. சட்னியை மோந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், தட்டை எதில் கழுவுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள்.

4. மேனேஜரைக் கேட்காதீர்கள், அவரும் மாற்றலில் வந்தவர்தான். காவலரையும் பியூனையும் கேளுங்கள்.

5. உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் இட்லி, தோசை. மாவு அரைப்பதும் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் என் வேலை. இரண்டு நாள் சீலா, அதையும் நானே போடுகிறேன். ஒரு கப் அரிசி மாவுக்கு ஒன்றரைக் கப்புக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர், உப்பு, மிளகாய், மல்லி. பத்து நிமிஷம் வைத்தால் போதும். கல் நன்றாகக் காய வேண்டும் (இது தங்கமணி அறிவுரை). முதல் இரண்டு அவளுக்கு. உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. சனி, ஞாயிறு தீதி கடை. அப்பாவே நடந்து போய் வாங்கி வருகிறார். அவருக்கு இந்தி தெரியாது, தீதிக்குத் தமிழ் தெரியாது. எப்படியோ அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் வருகிறார்.

புவனேஸ்வர் நண்பருக்கு என்ன பதில் சொன்னேன் என்று சொல்லவில்லையே. "தோசையைத் தேடாதீங்க சார். நல்ல சக்குளி எங்க கிடைக்கும்னு உங்க கிளைக் காவலரைக் கேளுங்க" என்றேன். ஒடிசாவின் சக்குளி பிட்டாவும் அரிசி, உளுந்து அரைத்துப் புளிக்க வைத்து ஊற்றுவதுதான். மெல்லிசாக ஊற்றினால் சரு சக்குளி. தோசை அங்கே வேறு பேரில் இவருக்காகக் காத்திருக்கிறது. கூடவே, "முதல்ல வீட்ல அம்மா உக்காந்து சாப்பிடட்டும்" என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, இருந்தார்.

இந்த வருஷ லிஸ்ட் இன்னும் வரவில்லை. அப்பா தினமும் கேட்கிறார், "அடுத்து எந்த ஊருடா? அங்க என்ன நெல்லு?"

உங்க ஊர்ல காலைல என்ன கிடைக்குது? நேரம் இருக்கும்போது எழுதுங்க. தீதி கல்லைக் காய வெச்சிருப்பாங்க, நான் கிளம்பறேன் :-)